ஒட்டுக் கேட்டதை ஊருக்குச் சொல்லலாமா?

பொங்கல் கழிந்து, பூப்பறிக்கும் நோன்பன்று மாலை. தெருப் பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு கும்மியடிக்கப் புறப்பட்டுவிட்டார்கள். திண்ணையில் நாம் தனியே உட்கார்ந்திருந்தோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் சரித்திரம் படித்த மாணவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். இப்போது அவர் ஒரு சர்க்கார் இலாகாவில் உத்தியோகஸ்தர். மணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. கையில் வாழைப்பழமும் கரும்புமாக வந்தவர், க்ஷேமலாபங்களை விசாரித்து முடித்ததும் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டுபோய், நம் வீட்டில் அரிசி மூட்டை வைத்திருக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க சார், சர்க்கார் மறைஞ்சிருந்து ஒருத்தரோட பேச்சைக் கேட்கக் கூடாத விதத்துல கேட்குதுன்னு ஒரு உத்தியோகஸ்தனுக்குத் தெரிஞ்சா, அதை அவன் வெளியில சொல்றது துரோகமுங்களா, தருமமுங்களா?" என்று கேட்டார்.

நாம் திடுக்கிட்டோம். "தம்பி, நீ எதைப் பார்த்தாய், யாருடைய பேச்சு என்பதை மட்டும் நம்மிடம் சொல்லிவிடாதே. அதைக் கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது. உன் கேள்விக்குப் பதில் சொல்ல அது தேவையும் இல்லை. கொஞ்சம் அவகாசம் கொடு, யோசித்துச் சொல்லுகிறோம்" என்றோம். நம் இல்லத்தரசி திரும்பி வந்து கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர் விடைபெற்றார்.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். இது ஒரு தனி மனிதருடைய சங்கடம் மட்டுமல்ல. நேயர்கள் வீட்டிலும் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். உத்தியோகம் பார்க்காதவர்கள் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது.

காவல் வேண்டாம் என்பவர் யார்?

முதலில் எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். கோயமுத்தூரில் வாழ்கிறவன், சர்க்கார் யாரையும் கண்காணிக்கவே கூடாது என்று மேடையேறிப் பேச முடியாது. 1998 பிப்ரவரி 14-ந் தேதி சனிக்கிழமை நம் நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம் பட்டார்கள். அப்போது நாம் கல்லூரி மாணவர். இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் நாமும் ஒருவர். அந்த வரிசையில் யாரும் யாரோடும் பேசவில்லை. 'இதை முன்கூட்டி ஒருவர் அறிந்திருக்கக் கூடாதா?' என்ற ஒரே எண்ணம்தான் எல்லார் முகத்திலும் இருந்தது. 2022 அக்டோபரில் உக்கடத்தில் கோட்டை ஈசுவரன் கோயில் அருகே ஒரு மோட்டார் வண்டி வெடித்தபோது, அந்தப் பழைய சனிக்கிழமை நமக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

ஆகவே, குண்டு வைக்கத் திட்டமிடுகிறவனுடைய டெலிபோனைச் சர்க்கார் கேட்டால் நமக்கு ஆட்சேபம் இல்லை. எந்த எண் கேட்கப்படுகிறது, எந்த வீட்டின்மேல் கண் இருக்கிறது என்பதை ஓர் உத்தியோகஸ்தர் வெளியே சொன்னால், அவரை நாம் தேசபக்தர் என்று அழைக்க மாட்டோம். ஒரு வார்த்தை வெளியே போனால் ஐம்பது உயிர்கள் போகக்கூடிய சந்தர்ப்பம் உண்டு என்பதை நம் ஊர் அறியும்.

வள்ளுவரும் அரசனுக்கு ஒற்றர் கூடாது என்று சொல்லவில்லை. 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால், அதிகாரங்களின் வரிசையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். செங்கோன்மை 55-ஆவது அதிகாரம், கொடுங்கோன்மை 56-ஆவது, ஒற்றாடல் 59-ஆவது. செங்கோல் இன்னது, கொடுங்கோல் இன்னது என்று அரசனுக்குச் சொன்ன பிறகே அவன் கையில் ஒற்றரை ஒப்படைக்கிறார். அந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நாம் நினைக்கவில்லை.

கொங்கு நாட்டுத் தோட்டக்காரர் பலர் கிளுவை வேலி போடுகிறார்கள். வேலி பயிருக்காக. வேலியே பயிரை மேயத் தொடங்கினால் என்ன செய்வது? நம் மாணவருடைய கேள்வி அதுதான்.

வெள்ளைக்காரர் விட்டுப்போன பூட்டு

இந்த இரகசியப் பூட்டுகளை நமக்குச் செய்து கொடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தந்திச் செய்தியைச் சர்க்கார் இடைமறிக்கலாம் என்ற அதிகாரத்தை அளித்தது 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். கடிதத்தை இடைமறிக்க வழி செய்தது 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டம். சர்க்கார் இரகசியத்தை வெளியிட்டால் தண்டனை என்ற சட்டம் 1889-ல் பிறந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகா' காஷ்மீரத்தைப் பற்றிய சர்க்கார் இரகசியக் குறிப்பு ஒன்றை அச்சிட்டு, ஆங்கில ஆட்சியாளருடைய உள்நோக்கத்தைச் சந்தி சிரிக்க வைத்திருந்தது. 1904-ல் கர்ஸன் பிரபுவின் ஆட்சியில் அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அம்மசோதாவைச் சட்டசபையில் கோகலே வன்மையாக எதிர்த்தார். பிறகு 1923-ல் புதிய சட்டம் வந்தது. சுயராஜ்யம் வந்த பின்னும் நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் 5-ஆவது பிரிவின்படி இரகசியத்தைக் கொடுத்தவரும் குற்றவாளி, அறிந்து வாங்கியவரும் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை.

அந்நாளில் ஒற்றரின் நிழல் யார்மேல் விழுந்தது? பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் அவர் வீட்டைச் சுற்றி ஆங்கிலேயரின் ஒற்றர்கள் திரிந்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் மேடைப் பேச்சைப் போலீஸார் எழுதிய குறிப்புகளே அவருக்கு எதிரான வழக்கில் சாட்சியமாயின. அந்தப் பெருமகனார் செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில்தான். இன்று ஆளுகிறவர்கள் நம்மவர்கள், நம் வாக்கினால் வந்தவர்கள்; வெள்ளைக்காரரையும் அவர்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஆனால், பூட்டு பழைய பூட்டு. சாவி யார் கையில் இருந்தாலும் பூட்டு ஒரே மாதிரிதான் திறக்கும்.

இதை உணர்ந்த ஜனாதிபதி ஒருவரும் இருந்தார். 1986-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தபால் சட்டத் திருத்த மசோதா, பிரஜைகளின் கடிதங்களைப் பிரிக்கும் அதிகாரத்தை மிகவும் விரித்தது. கியானி ஜெயில் சிங் அதற்குத் தம் ஒப்புதலைக் கொடுக்கவே இல்லை. அது சட்டமாகாமலே போயிற்று. 1988 ஆகஸ்டில் கர்நாடக முதன் மந்திரி ராமகிருஷ்ண ஹெக்டே, டெலிபோன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவியைத் துறந்தார். கடிதமும் டெலிபோனும் வெறும் இலாகா விஷயங்கள் அல்ல என்பதை அந்தப் பத்தாண்டில் நாடு கற்றுக்கொண்டது.

ஒரு வாரப் பத்திரிகை செய்த காரியம்

இனி நம் கேள்விக்கு நேராக விடை சொல்லும் வழக்கு ஒன்றுக்கு வருவோம். இது நம் நாட்டிலேயே நடந்தது. ஆயினும் நம்மில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது.

அரசியல்வாதிகளுடைய டெலிபோன்கள் ஒட்டுக் கேட்கப்பட்டதைப் பற்றி சி.பி.ஐ. விசாரணை நடத்தி ஓர் அறிக்கை தயாரித்தது. சர்க்கார் அலமாரியில் உறங்கக்கூடிய அந்த அறிக்கை, 1991 மார்ச்சு 26-ந் தேதி 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற டில்லி வாரப் பத்திரிகையில் அச்சாகி வெளிவந்தது. அதில் இருந்தவை கணக்குகளே. 4 டெலிபோன் எண்கள் கேட்கப்பட்டதாகப் பதிவு இருந்தது. அதற்கு அனுமதி உத்தரவு காட்ட முடியவில்லை. 279 எண்களுக்கு உத்தரவு இருந்தது. டெலிபோன் நிறுவனம் கொடுத்த பட்டியலில் அவை இல்லை. 133 சந்தர்ப்பங்களில் அனுமதித்த காலம் கடந்தும் கேட்டார்கள். 111 சந்தர்ப்பங்களில் 180 நாட்களையும் தாண்டிக் கேட்டார்கள். அதற்குச் சர்க்காரின் அனுமதி வாங்கவில்லை. கோப்புகளும் ஒழுங்காக வைக்கப்படவில்லை.

இந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜயப்பிரகாச நாராயணர் வழிவந்த மக்கள் சிவில் உரிமைக் கழகம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. அறிக்கை உண்மையானதே என்பதைக் கோர்ட்டில் எவரும் மறுக்கவில்லை. 1996 டிசம்பர் 18-ந் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்பளித்தார்கள். தன் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்து ஒருவர் டெலிபோனில் பேசும் பேச்சு அவருடைய அந்தரங்கம்; அதைச் சட்டமுறைப்படியன்றித் தொடக் கூடாது என்றார்கள். 111 ஆண்டுகளாக வரைமுறையின்றி நடந்துவந்த அதிகாரத்துக்கு அன்றுதான் விதிகள் பிறந்தன. மத்திய சர்க்காரிலோ மாகாண சர்க்காரிலோ உள்துறைக் காரியதரிசிதான் உத்தரவிட வேண்டும். வேறு வழியில் அந்தச் செய்தியை அறிய முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். உத்தரவின் ஆயுள் இரண்டு மாதம். நீட்டினாலும் மொத்தம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. உயர் உத்தியோகஸ்தர் கமிட்டி ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும். தேவை தீர்ந்ததும் பிரதிகளை அழிக்க வேண்டும்.

1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்புக்குப் புது விதிகளும் வந்தன. அவற்றின் சாரம் இன்றும் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரமே. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னபோதும், பழைய தீர்ப்பு அவர்களுக்குத் துணை நின்றது.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அறிக்கை அச்சாகியதால் எந்த ஒற்றருடைய பெயரும் வெளியாகவில்லை. எந்தக் குடும்பத்தின் பேச்சும் சந்தைக்கு வரவில்லை. எந்த எதிரி நாட்டுக்கும் லாபமில்லை. வெளியானது ஒன்றே ஒன்று: காவல்காரர் சட்டத்தை மீறினார் என்ற செய்தி.

கேட்கப்பட்டவருக்கே தெரியாது

"அப்படியானால் பாதிக்கப்பட்டவரே கோர்ட்டுக்குப் போகலாமே, உத்தியோகஸ்தர் ஏன் இடையில் வர வேண்டும்?" என்று ஒரு கேள்வி எழும். நம் பள்ளி ஆசிரியர் அறையிலும் நண்பர் ஒருவர் இதையே கேட்டார். நியாயமான கேள்விதான்.

திருடன் வீட்டில் புகுந்தால் காலையில் பெட்டி திறந்து கிடக்கும். நிலத்தை ஒருவர் அபகரித்தால் வரப்பு நகர்ந்திருக்கும். டெலிபோனை ஒட்டுக் கேட்டால் என்ன அடையாளம் இருக்கும்? கேட்கச் சொல்லி உத்தரவிடுகிறவரும் உத்தியோகஸ்தர். அது சரியா என்று பார்க்கும் கமிட்டியில் இருப்பவர்களும் உத்தியோகஸ்தர்கள். முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை 1996-ல் கோர்ட்டு ஏற்கவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பின்னால் ஒரு நாளாவது தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை.

2025 ஜூலை 2-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். 2011-ல் ஒருவருடைய டெலிபோனைக் கேட்கச் சொல்லி மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவை அவர் ரத்து செய்தார். லஞ்சக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மறைவில் ஒட்டுக் கேட்பது, சட்டம் சொல்லும் பொதுஜன அபாயத்திலோ பொதுஜனப் பாதுகாப்பிலோ அடங்காது என்றார். கேட்டதை மறுபரிசீலனைக் கமிட்டியின் முன் வைக்கத் தவறியதையும் சுட்டிக் காட்டினார். அந்த உத்தரவு வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது, அதனால் வந்தது. வழக்கே இல்லாத நிரபராதிக்கு? சந்தேகித்துக் கேட்டு, ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்ட மனிதருக்கு? அவர் தம் ஆயுள் முழுதும் அறியாமலே இருந்துவிடுவார். அறியாதவர் எந்தக் கோர்ட்டின் படியேறுவார்?

ஆகவே, ஒட்டுக்கேட்பு என்னும் விஷயத்தில் மட்டும், உள்ளே இருப்பவர் வாய் திறந்தாலன்றிக் குற்றம் வெளிப்பட வழி மிகக் குறைவு. மற்ற இலாகா இரகசியங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

வெளியில் வந்துவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இஸ்ரேல் நாட்டுக் கம்பெனி செய்த 'பெகாசஸ்' என்னும் உளவுக் கருவி நம் நாட்டுப் பத்திரிகையாளர் முதலானோரின் கைப்பேசிகளைக் குறிவைத்ததாக 2021 ஜூலையில் பல தேசத்துப் பத்திரிகைகள் எழுதின. அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு நிபுணர் கமிட்டி அமைத்தது. சோதித்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் செய்தி வந்தது. சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்றும் கமிட்டி கூறியதாகத் தலைமை நீதிபதி கோர்ட்டில் தெரிவித்தார். சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிட்டது. கையில் கணக்கும் காகிதமும் இருந்த 1991-க்கும், ஊகம் மிகுந்த 2021-க்கும் உள்ள பேதத்தை நேயர்கள் காண்பார்கள்.

இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது

இந்த வாதத்தில் பெரும்பாலோர் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். சர்க்கார் ஒட்டுக் கேட்டது என்ற செய்தியை வெளியிடுவது ஒன்று. ஒட்டுக் கேட்டதில் என்ன பேசப்பட்டது என்பதை வெளியிடுவது மற்றொன்று. முன்னது காவல்காரரின் குற்றத்தைச் சொல்லுகிறது. பின்னது, கேட்கப்பட்டவருடைய வீட்டுக் கதவை இரண்டாவது முறையாக உடைக்கிறது. முதலில் சர்க்கார் கேட்டது. பிறகு ஊரே கேட்கிறது.

2010 நவம்பரில் நீரா ராடியா என்ற தொழில் ஆலோசகரின் டெலிபோன் பேச்சுகள் பத்திரிகைகளில் வந்தன. வருமான வரி இலாகாவின் பொருட்டுப் பதிவு செய்யப்பட்டவை அவை. மந்திரி பதவிகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று ஜனங்கள் அறிந்துகொண்டது நன்மையே. ஆனால் அதனோடு தம்முடைய சொந்தப் பேச்சும் தெருவுக்கு வந்தது என்று தொழிலதிபர் ரத்தன் டாட்டா சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். நெல்லையும் பதரையும் பிரிக்காமல் களத்திலிருந்து அப்படியே அள்ளிக் கொட்டியதன் பலன் அது.

நம் மாகாணத்தில் 2008 ஏப்ரலில் நடந்தது இன்னும் சிக்கலானது. தலைமைக் காரியதரிசியும் லஞ்ச ஒழிப்பு இலாகாவின் தலைவரும் டெலிபோனில் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சண்முகத்தைக் கொண்டு சர்க்கார் விசாரணைக் கமிஷன் அமைத்தது. வெளியே கொடுத்ததாக அந்த இலாகாவின் ஊழியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகள் கழித்துக் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. பேசியவர்கள் இருவரும் பொது ஊழியர்கள். பேச்சும் சர்க்கார் காரியம் பற்றியது. இத்தகைய பேச்சு வீட்டு அந்தரங்கம் ஆகுமா? ஆகாது என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும், டெலிபோனில் பேசவே அஞ்சும் உத்தியோகஸ்தர் எப்படி நிர்வாகம் நடத்துவார் என்ற கேள்வியும் பொய்யல்ல. இம்மாதிரிக் கடினமான இடங்களில் அவசரம் கூடாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு அல்லவா?

கடல் கடந்த ஓர் உதாரணம்

உலகம் முழுவதும் பேசிய உதாரணம் எட்வர்ட் ஸ்நோடன். 2013 மார்ச்சில் அமெரிக்க உளவுத் தலைவர் கிளாப்பர், கோடிக்கணக்கான அமெரிக்கரின் விவரங்களைத் திரட்டுகிறீர்களா என்று செனட் சபையில் கேட்டபோது, அறிந்து அப்படிச் செய்வதில்லை என்றார். ஜூன் மாதத்தில் ஸ்நோடன் கொடுத்த காகிதங்கள் பத்திரிகையில் வந்தன. பிரஜைகள் எல்லாருடைய டெலிபோன் கணக்கும் திரட்டப்பட்டு வந்தது வெளியாயிற்று. 2015-ல் அந்நாட்டுச் சட்டசபை அந்த முறையை நிறுத்தியது. 2020-ல் ஒரு மேல் கோர்ட்டு, அது சட்டவிரோதமாக நடந்தது என்றே சொல்லிற்று.

ஆயினும் அவர் வெளிப்படுத்தியவை அவ்வளவோடு நிற்கவில்லை. அந்நிய நாடுகளில் அமெரிக்கா ஒற்றறியும் முறைகளும் அவற்றில் இருந்தன. நம் இந்தியாவைக் கவனித்ததும் அவற்றில் இருந்தது. அவர் ருஷ்யாவில் அடைக்கலம் புகுந்தார். 2022-ல் அந்நாட்டுப் பிரஜையுமானார். அவர் செய்ததில் ஒரு பகுதி தம் ஜனங்களுக்குச் செய்த சேவை. மற்றொரு பகுதி அளவு மீறியது என்று சொல்லுகிறவர்களை நாம் அறிவிலிகள் என்று தள்ள மாட்டோம். ஒரே மனிதருடைய ஒரே செயலிலும் இரண்டும் கலந்திருக்க முடியும்.

நம் நாட்டுக் கோர்ட்டும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. ரபேல் விமானப் பேரத்தைப் பற்றிய இராணுவ இலாகாக் காகிதங்களைச் சென்னை 'ஹிந்து' பத்திரிகை 2019-ல் வெளியிட்டது. அவை திருட்டுக் காகிதங்கள், அவற்றைக் கோர்ட்டு பார்க்கவே கூடாது என்று சர்க்கார் தரப்பு வாதித்தது. ஏப்ரல் 10-ந் தேதி மூன்று நீதிபதிகளும் ஒருமுகமாக அதை மறுத்தார்கள். ஆனால் அதே நவம்பரில் மறுசீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளிவந்த காகிதம் கோர்ட்டின் கண்ணில் படலாம். பட்டதனாலேயே சொன்னவர் வென்றவர் ஆகிவிடமாட்டார்.

நம் மாணவருக்குச் சொல்லும் ஐந்து படிகள்

ஆக, துரோகமா தருமமா என்பதற்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஐந்து படிகளைக் கடந்து வந்தால் அது தருமம் என்று நாம் துணிந்து சொல்லுவோம்.

முதற்படி: நீ கண்டது சட்ட மீறுதலா, அல்லது உனக்குப் பிடிக்காத காரியமா? உத்தரவு உண்டா, காலம் கடந்ததா, கமிட்டியின் முன் வைத்தார்களா என்று விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார். 1991-ஆம் ஆண்டு அறிக்கையின் பலம் அதிலிருந்த கணக்கில் இருந்தது, கோபத்தில் இல்லை.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் கதவுகளைத் தட்டினாயா? மேலதிகாரிக்கு எழுத்தில் கொடு, பிரதி வைத்துக்கொள். இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். முறைகேட்டை அறிவிப்பவரைக் காப்பதற்கென்று 2014-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது, ஜனாதிபதியும் ஒப்பமிட்டார். ஆண்டுகள் பத்துக்கு மேல் சென்றும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, பொதுநன்மை பெரிதானால் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு உளவு ஸ்தாபனங்களுக்கு விலக்களித்து, ஊழலுக்கும் மனித உரிமை மீறலுக்கும் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக வந்தவனைத் திருடன் என்று சொல்லுகிற சர்க்கார் தன் பங்குப் பிழையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: குற்றத்தைச் சொல்ல எவ்வளவு தேவையோ அவ்வளவே சொல். ஒற்றரின் பெயரும், நடந்துகொண்டிருக்கும் விசாரணையும், கேட்கப்பட்டவருடைய குடும்பப் பேச்சும் உன் கையால் வெளியேறக் கூடாது.

நான்காம் படி: யாரிடம் சொல்லுகிறாய் என்று பார். நீதிமன்றம், சட்டசபை, பொறுப்புள்ள பத்திரிகை ஆகியவை ஜனங்களின் வாசல்கள். அந்நிய நாட்டாரிடமோ, கட்சிப் பகை தீர்க்க நினைப்பவரிடமோ, பணம் கொடுப்பவரிடமோ போனால், கண்டது உண்மையானாலும் செய்தது வியாபாரமே.

ஐந்தாம் படி மிகவும் கடினமானது. இதற்கு வரும் துன்பத்தை ஏற்கத் துணிவு உண்டா? காந்தியடிகள் சட்டத்தை மீறிய போதெல்லாம் தண்டனையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். நம் காலத்தில் எல்லாரிடமும் அதை எதிர்பார்ப்பது கொடுமை என்று நாம் அறிவோம். மாதச் சம்பளத்தையும் குழந்தையின் பள்ளிக்கூடத்தையும் நம்பியிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, 'சிறைக்குப் போ' என்று திண்ணையில் இருந்துகொண்டு சொல்லுவது எளிது. ஆதலால் இந்தப் படியை உபதேசமாகச் சொல்லவில்லை. முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகவே சொல்லுகிறோம்.

இந்த ஐந்தையும் கடந்தவர் சட்டப் புத்தகத்தின்படி குற்றவாளியாகவே எண்ணப்படலாம். அவரை நாம் துரோகி என்று சொல்ல மாட்டோம்.

கல்யாண வீட்டில்

மாசி மாதத்தில் பல்லடம் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நம் மாணவரும் வந்திருந்தார். பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில், மேலே எழுதிய ஐந்தையும் சுருக்கமாகச் சொன்னோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். "முதல் ரெண்டு படியும் ஏறிட்டனுங்க சார். எழுத்துல குடுத்து இருவது நாளாச்சு. பதில் வரலீங்க" என்றார். அவர் குரலில் பயம் இல்லை. ஆனால் அவர் மெலிந்திருந்தார்.

அவருடைய தாயார் நம்மைக் கண்டுகொண்டு அருகே வந்தார். தோட்டத்து வேலை செய்து, எருமைப் பால் விற்று, ஒற்றைப் பிள்ளையைப் படிக்க வைத்த அம்மாள். மகன் என்ன எழுதிக் கொடுத்தான் என்பது அவருக்குத் தெரியாது; ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பது மட்டும் தெரியும். நம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க வாத்தியாரே, நீங்க சொல்லிக் குடுத்த பையன். அவன் வேலைக்கு ஒண்ணும் வந்துராதுங்களே?" என்று கேட்டார்.

ஒன்றும் வராது என்று நாம் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நாடு இல்லை. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால் சொல்லியிருக்கலாம். "உங்கள் பிள்ளை தப்பு ஒன்றும் செய்யவில்லை, அம்மா" என்று மட்டும் சொன்னோம். அந்த அம்மாள் சற்று நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நேயர்கள் சாலையைக் கேட்கிறார்கள், தண்ணீரைக் கேட்கிறார்கள். இனி வரும்போது, அந்தச் சட்டம் எங்கே என்பதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.